சில்லு இடம் கொடுக்குமா? ரியூப்லெஸ் ரயர் வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

மன்னார்த் தீவில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு முள்ளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாழ்வுபாட்டுப் பக்கம் ஒரு குறுக்குப் பாதையில் இறங்கினால் உடை முள். பேசாலையில் கடற்கரைக்குப் போகும் மணல் வழியில் நெருஞ்சி. பனங்கூடலுக்குள் புகுந்தால் கருக்கு. ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டுக் களைத்தவர்களுக்கு ரியூப்லெஸ் ரயர் ஆசை காட்டுவது நியாயம்தான். சிறு முள் குத்தினால் உள்ளே இருக்கும் சீலன்ற் திரவம் ஓடி வந்து ஓட்டையை அடைத்துவிடும். பல வேளை முள் குத்தியதே உங்களுக்குத் தெரிய வராது.

ஆனால் இதில் பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் ரயரை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள். முடிவு சொல்ல வேண்டியது ரிம். மன்னாரில் ரிம்மோடு சேர்ந்து இன்னொன்றும் முடிவு சொல்லும்: உப்பு. இந்த அத்தியாயம் ரயர் மாட்டுவதைப் பற்றியதல்ல. மாட்டலாமா, கூடாதா என்று உங்கள் வீட்டு முற்றத்தில் வைத்தே தீர்மானிப்பதைப் பற்றியது. ஒரு சதம் செலவழிக்குமுன் இதை முழுவதும் வாசியுங்கள்.

தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம்

ரியூப் உள்ள சில்லில் காற்றைப் பிடித்து வைப்பது ரியூப். ரியூப் இல்லாவிட்டால் அந்த வேலையை மூன்று இடங்கள் செய்ய வேண்டும்: ரயரின் விளிம்பு ரிம்மில் குந்தும் படி, கம்பித் துளைகளை மூடும் பட்டி, வால்வுத் துளை. இந்த மூன்றில் முதலாவதுதான் உயிர்நாடி. ரியூப்லெஸுக்கென்று செய்த ரிம்மில் அந்தப் படி தட்டையாக இருக்கும். அதன் உட்கரையில் வயல் வரம்பு போல ஒரு சிறு மேடு ஓடும். காற்றுக் குறைந்தாலும் ரயரின் விளிம்பு நடுப் பள்ளத்துக்குள் வழுக்கி விழாமல் அது தடுக்கும்.

மலைச் சைக்கிள்களுக்கான இந்த முறையை மவிக், மிஷ்லன், ஹட்சின்சன் ஆகிய பிரெஞ்சு நிறுவனங்கள் 1999இல் கொண்டுவந்தன. அதற்கு முன் செய்த சாதாரண ரிம் எதுவும் இதை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. பின்னர் வந்த மலிவு ரிம்களிலும் பல அப்படித்தான்.

முதல் வடிகட்டல்: சில்லைக் கழற்றாமலே

1. ரயரின் பக்கச் சுவரைத் துடைத்துவிட்டு, சிறு கோட்டால் பிரித்த இரண்டு எண்களைத் தேடுங்கள். 40-635, 37-590, 50-559, 40-622 என்பது போல இருக்கும். முதல் எண் ரயரின் அகலம். இரண்டாவது ரிம்மில் ரயர் குந்தும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீற்றரில்.

2. இரண்டாவது எண் 635 என்றால் (28 × 1½, பழைய பெரிய சைக்கிள்) இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 590 என்றாலும் (26 × 1⅜, பல பெண்கள் சைக்கிள்களிலும் ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்களிலும் உள்ளது) அப்படியே. இந்த அளவுகளில் ரியூப்லெஸ் ரயர் தேடி அலைவது வீண் வேலை. இந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதி உங்களுக்கானது.

3. 559, 584, 622 என்றால் தொடருங்கள். ரியூப்லெஸ் ரயர்கள் பெரும்பாலும் இந்த மூன்று விட்டங்களில்தான் வருகின்றன.

4. ஒரு காந்தத்தை ரிம்மில் வையுங்கள். ஒட்டிக்கொண்டால் அது இரும்பு ரிம். ரியூப்லெஸ் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இரும்பு ரிம்கள் ஒற்றைத் தகட்டை வளைத்துச் செய்தவை. கம்பிகளைப் பிடிக்கும் நிப்பிள் தலைகள் உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும். பிரித்தானிய வகைப் பழைய வண்டிகளில் முன்சில்லுக்கு 32, பின்சில்லுக்கு 40 கம்பி. பின்னால் மட்டும் காற்று வெளியேற 40 வழி. அவற்றில் உப்புத் துருவும் சேர்ந்தால் எந்தப் பட்டியும் நிற்காது.

*குறிப்பு:* "28 அங்குலம்", "26 அங்குலம்" என்று மட்டும் சொல்லி ரயர் வாங்காதீர்கள். 28 என்ற பெயரில் 635உம் உண்டு, 622உம் உண்டு. 26 என்ற பெயரில் 590உம் உண்டு, 559உம் உண்டு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது. ஊரில் தேவையற்ற செலவு அதிகம் நடப்பது இந்தக் குழப்பத்தால்தான்.

தேவையான சாமான்கள்

ரயர் கழற்றும் நெம்பு இரண்டு (பிளாஸ்ரிக் நல்லது; இரும்பு நெம்பு அலுமினிய ரிம்மைக் கீறும்), அளவு காட்டும் மானி உள்ள நிலப் பம், சவர்க்காரத் தண்ணீர், பழைய பல் துலக்கி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட், வெளிச்சத்துக்கு ஒரு ரோச், மில்லிமீற்றர் அடிமட்டம், கண்ணுக்குக் கண்ணாடி. கண்ணாடியைத் தவிர்க்காதீர்கள்.

இரண்டாவது வடிகட்டல்: ரிம்மைப் படித்தல்

சில்லைக் கழற்றி, ரயரையும் ரியூபையும் பழைய ரிம் பட்டியையும் எடுத்துவிடுங்கள். ரிம்மை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தீவில் பல கிணறுகள் உவர். உவர்த் தண்ணீரில் கழுவினால் காய்ந்த பிறகு உப்பு அங்கேயே படியும். கழுவி, நிழலில் காயவைத்து, பிறகு வெளிச்சத்தில் பாருங்கள்.

1. எழுத்தைத் தேடுங்கள். ரிம்மின் பக்கத்தில் ரியூப்லெஸ் ரெடி என்றோ, அதன் சுருக்கமாக ரி.எல்.ஆர். என்றோ, பழைய முறையான யு.எஸ்.ரி. என்றோ ஆங்கிலத்தில் இருக்கும். இருந்தால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். ஸ்டிக்கர் வெயிலில் உரிந்துபோயிருந்தால் ரிம்மின் மொடல் பெயரை வைத்துத் தயாரிப்பாளரின் விவரத் தாளைப் பாருங்கள். கடைக்காரர் "எல்லாத்துக்கும் போடலாம்" என்று சொல்வதை விவரத் தாளுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. தகடு ஒன்றா, இரண்டா? ரிம்மின் உட்புறத்தில் நிப்பிள் தலைகள் நேரே கண்ணுக்குத் தெரிந்து, கையில் தட்டுப்பட்டால் அது ஒற்றைத் தகடு. துளைக்குள் ஆழத்தில், இன்னொரு அடுக்குக்குக் கீழே தெரிந்தால் இரட்டைத் தகடு. இரட்டைத் தகட்டை மட்டுமே அடுத்த படிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

3. வடிவத்தை விரலால் தடவுங்கள். நடுவில் பள்ளம், இரு பக்கமும் தட்டையான படி, படியின் உட்கரையில் மெல்லிய மேடு: இவை மூன்றும் வேண்டும். மேடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. நகத்தை நடுவிலிருந்து பக்கத்துக்கு இழுத்தால் தட்டும். படி இல்லாமல் உட்புறம் முழுவதும் ஒரே வளைவாக இருந்தால் வேண்டாம்.

4. மேல் விளிம்பைப் பாருங்கள். சுவரின் நுனி கொளுக்கி போல உள்ளே மடிந்திருக்கும். மடிப்பே இல்லாத நேர்ச் சுவர் கொண்ட புதிய ரிம்களும் உண்டு. அவற்றில் காற்றழுத்தம் 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. அந்த ரிம்முக்கு ஏற்றதென்று தயாரிப்பாளர் குறித்த ரியூப்லெஸ் ரயரை மட்டுமே போட வேண்டும். பழைய இரும்பு ரிம்களிலும் இந்தக் கொளுக்கி இராது. அதைப் பார்த்து இது அந்தப் புது வகை என்று மயங்க வேண்டாம்.

5. உப்பின் வேலையைத் தேடுங்கள். இதற்கு நேரம் ஒதுக்குங்கள். தீவுக்குள் வரும் தாம்போதியில் இரு பக்கமும் கடல்நீர், அதையொட்டி உப்பளம். சோளகம் வீசும் மாதங்களில் தெறிக்கும் நீரும் காற்றில் வரும் உப்பும் ரிம்முக்குள் புகுந்து, பழைய பட்டிக்கு அடியில் தங்கும். அலுமினியத்தில் அது வெள்ளைப் பூவாகத் தெரியும். பல் துலக்கியால் தேய்த்துப் பாருங்கள். பூ போய் அடியில் வழவழப்பாக இருந்தால் பயமில்லை. பூ போன இடத்தில் குழிகள் இருந்து, அவை ரயர் குந்தும் படியில் விழுந்திருந்தால் காற்று அதன் வழியாகவே கசியும். கம்பித் துளைகளைச் சுற்றி மயிரளவு வெடிப்பு இருந்தால் ரியூப்லெஸ் மட்டுமல்ல, அந்த ரிம்மையே கைவிட வேண்டும். இதில் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். கம்பித் துளைக்கு அருகே வெடித்த ரிம் ஓடும்போதே விட்டுப் போகலாம்.

6. பிரேக் தேய்த்த பக்கம். ரிம்மைக் கட்டை பிடிக்கும் பிரேக் என்றால் அடிமட்டத்தின் நேர்விளிம்பைச் சுவரின் வெளிப்புறத்தில் வையுங்கள். இடையில் வெளிச்சம் தெரியும் அளவுக்குச் சுவர் குழிந்திருந்தால், அல்லது தேய்மானத்தைக் காட்டும் சிறு கோடோ புள்ளியோ மறைந்திருந்தால், சுவர் மெலிந்துவிட்டது. பிரேக் கட்டையில் ஒட்டும் கடற்கரை மணல் ரிம்மை அரம்போல் அராவும். உள்ளூர் மணல் வழிகளில் ஓடிய வண்டிகளில் இதை ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

7. பொருத்து. ரிம்மின் இரு முனைகளும் சேரும் இடம், வழக்கமாக வால்வுத் துளைக்கு எதிர்ப்பக்கம். அங்கே படி ஏறி இறங்கினால் ரயர் ஒழுங்காகக் குந்தாது.

8. வால்வுத் துளை. மெல்லிய வால்வுக்கான துளை சுமார் 6.5 மி.மீ.; மோட்டார் வண்டி வகை வால்வுக்கும், இங்கே பழக்கமான ரப்பர்க் குழாய் போட்ட வால்வுக்கும் எட்டு மில்லிமீற்றருக்கு மேல். ரியூப்லெஸ் வால்வுகள் பெரும்பாலும் மெல்லிய வகை. பெரிய துளையில் அதைப் போட்டால் அடியிலுள்ள ரப்பர் சரிந்து கசியும். பெரிய துளைக்கென்றே செய்த ரியூப்லெஸ் வால்வு வாங்கலாம். சின்னத் துளையைத் துளையிட்டுப் பெரிதாக்க வேண்டாம்.

9. சுற்றிப் பாருங்கள். சில்லை வண்டியில் மாட்டிச் சுற்றுங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் கம்பி இழுத்துச் சரிசெய்யுங்கள். பட்டி ஒட்டிய பிறகு நிப்பிள் மாற்ற வேண்டி வந்தால் பட்டியை உரிக்க நேரும். துருப்பிடித்த கம்பிகளையும் இப்போதே மாற்றுங்கள்.

இந்த ஒன்பதில் 2, 3, 5, 6 ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தவறினாலும் என் முடிவு "வேண்டாம்" என்பதே. 8, 9 திருத்தக்கூடியவை. முதலாவதில் எழுத்து இல்லை, தயாரிப்பாளரும் சொல்லவில்லை, ஆனால் வடிவம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றாலும் நான் போடச் சொல்லமாட்டேன். ரயர் குந்தும் இடத்தின் விட்டம் அரை மில்லிமீற்றர் அளவில் சரியாக இருக்க வேண்டும். அதை அடிமட்டத்தால் அளக்க முடியாது.

மூன்றாவது வடிகட்டல்: சீலன்ற் ஊற்றாமல் ஒரு வெள்ளோட்டம்

ரிம் தேறிவிட்டது, ரியூப்லெஸ் என்று குறித்த ரயரும் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ரயரை இதற்குப் பாவிக்கக் கூடாது. அதன் விளிம்பு அழுத்தத்தில் நெகிழ்ந்து ரிம்மை விட்டு வெளியேறலாம்.

1. ரிம்மின் உட்புறத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அதன் பிசுக்கில் பட்டி ஒட்டாது.

2. ரியூப்லெஸ் பட்டியை, ரிம்மின் உள் அகலத்தைவிட 2 அல்லது 3 மி.மீ. கூடிய அகலத்தில் எடுத்து, வால்வுத் துளைக்கு ஒரு சாண் முன்னால் தொடங்கி, நன்றாக இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். முழுச் சுற்று முடிந்து வால்வுத் துளையைத் தாண்டி இன்னொரு சாண் போக வேண்டும். பட்டி இரு படிகளையும் மூடியிருக்க வேண்டும்; சுவரில் ஏறக் கூடாது. காற்றுக் குமிழ்களைப் பெருவிரலால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள்.

3. வால்வுத் துளையில் பட்டியைப் பிளேட்டால் கிழிக்காமல், சூடாக்கிய ஆணியால் ஒரு சிறு துளை இடுங்கள். கிழித்த பட்டி அழுத்தத்தில் மேலும் கிழியும்.

4. முதலில் ரியூபைப் போட்டு ரயரை மாட்டி, சாதாரண அளவுக்குக் காற்றடித்து ஓர் இரவு விடுங்கள். ரியூப் பட்டியை ரிம்மோடு அழுத்தி ஒட்டவைக்கும். இந்த ஓர் இரவைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு கசிவைத் தேடி அலைகிறார்கள்.

5. மறுநாள் ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி ரியூபை எடுங்கள். மறுபக்கம் குந்தியபடியே இருக்கட்டும். ரியூப்லெஸ் வால்வைப் போட்டு, அதன் சுரையைக் கையால் மட்டும் இறுக்குங்கள். குறடு போட்டு இறுக்கினால், வழியில் ரியூப் போட வேண்டி வரும்போது கழற்ற முடியாது.

6. கழற்றிய விளிம்பை மாட்டி, இரு விளிம்பிலும் சவர்க்காரத் தண்ணீர் பூசி, வேகமாகப் பம் அடியுங்கள். விளிம்பு படியில் ஏறும்போது "டக், டக்" என்று கேட்கும். ரயரின் பக்கத்தில் ரிம்முக்கு அருகே ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும்.

7. சவர்க்காரத் தண்ணீரை வால்வு, கம்பித் துளைகள், இரு விளிம்புகள் ஆகிய இடங்களில் ஊற்றிக் குமிழ் பாருங்கள். ரயரின் பக்கச் சுவரில் நுண்ணிய குமிழ்கள் வருவது பரவாயில்லை. சீலன்ற் அதை அடைக்கும். கம்பித் துளை வழியாகக் குமிழ் வந்தால் பட்டி பிழைத்துவிட்டது. சீலன்ற் சரிசெய்யும் என்று விடாமல் பட்டியை மீண்டும் ஒட்டுங்கள். சீலன்ற் ரிம்மின் உள்ளறைக்குள் போனால் வெளியே எடுப்பது பெரும்பாடு, நிப்பிள்களும் அரிக்கும்.

8. இப்போது கடைசிச் சோதனை. எல்லாவற்றிலும் பெரியது இதுதான். காற்றை முழுவதும் விடுங்கள். இரு பெருவிரலாலும் ரயரின் பக்கத்தை உள்ளே தள்ளுங்கள். விளிம்பு தன் இடத்தை விட்டு நகர மறுத்து, பலமாகத் தள்ளினால்தான் பள்ளத்தில் விழ வேண்டும். லேசாகத் தொட்டதும் விழுந்தால் அந்த ரிம்மும் அந்த ரயரும் சேராது. காற்றுக் குறைந்த நேரத்தில் ஒரு திருப்பத்தில் ரயர் கழன்று நீங்கள் வீதியில் கிடப்பீர்கள். இந்தச் சோதனையில் தோற்றதை எந்தப் பட்டியாலும் எந்தத் திரவத்தாலும் வெல்ல முடியாது.

பாதுகாப்பு

- ரயரிலும் ரிம்மிலும் குறித்த உச்ச அழுத்தங்களில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. விளிம்பு ஏறவில்லை என்று அதைத் தாண்டாதீர்கள்; காற்றை விட்டு, சவர்க்காரம் பூசி, மறுபடி அடியுங்கள்.
- லொறி, உழவு இயந்திரச் சில்லுகளுக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரை மானி இல்லாமல் சைக்கிள் சில்லில் வைக்காதீர்கள். அது சில நொடிகளில் எல்லையைத் தாண்டும். ரயர் வெடித்தால் காதும் கண்ணும் போகும்.
- ஸ்பிரே அடித்துத் தீ வைத்து ரயரை ஏற்றும் வித்தையைக் கண்டிருப்பீர்கள். செய்யவே செய்யாதீர்கள். பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் அறவே கூடாது.
- காற்றடிக்கும்போது முகத்தைச் சில்லுக்கு நேரே வைக்காதீர்கள்.
- காற்றடித்த சில்லை நடு வெயிலில் விடாதீர்கள். 60 பி.எஸ்.ஐ.யில் அடித்த ரயர் 20 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 65க்குப் போகும். எல்லையை ஒட்டி அடித்திருந்தால் தாண்டிவிடும்.
- முதல் ஓட்டத்தை வீட்டைச் சுற்றிய ஒழுங்கையில் வையுங்கள். பக்கக் காற்றும் பேருந்தும் சேர்ந்து வரும் தாம்போதி அதற்கு இடமல்ல.

தேறிய சில்லுக்கு, மன்னார் வெயிலில்

அமோனியா இல்லாத சீலன்ற் கேட்டு வாங்குங்கள். அமோனியா அலுமினியத்தை அரிக்கும், உப்பு ஏற்கனவே அந்த வேலையைத் தொடங்கியிருக்கும். 40 மி.மீ. அகல ரயருக்கு சுமார் 60 மில்லிலீற்றர், மலைச் சைக்கிளின் அகன்ற ரயருக்கு 90 முதல் 120 வரை. போத்தலில் எழுதியிருக்கும் காலம் குளிர்நாட்டுக் கணக்கு. இந்த வெக்கையில் அதற்கு முன்பே காயும். மாதம் ஒருமுறை சில்லைக் காதருகே பிடித்துக் குலுக்குங்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்காவிட்டால் மேலும் ஊற்றுங்கள்.

தேறாத சில்லுக்கு

மன்னாரில் ஓடும் சைக்கிள்களில் பெரும்பகுதி இந்தப் பட்டியலில்தான் வரும். அதில் குறைவு எதுவும் இல்லை. கரியரில் மீன்பெட்டி கட்டிப் போகும் பெரிய சைக்கிளுக்கு நல்ல ரியூப்தான் சரியான தீர்வு. பாரம் ஏற்றும் வண்டியில் பரிசோதனை செய்யக் கூடாது.

- தடித்த ரியூப் வாங்குங்கள். பாரம் கூடும், சிறு முள்ளுக்குத் தாங்கும்.
- பழைய ரியூபை நீளவாக்கில் வெட்டி, ரயருக்கும் ரியூபுக்கும் இடையில் பட்டியாகப் போடுங்கள். வெட்டிய ஓரங்கள் மடியாமல் பாருங்கள். மடிந்த ஓரம் ரியூபைத் தின்னும்.
- ரியூபுக்குள் ஊற்றுவதற்கென்று செய்த சீலன்ற் உண்டு. ரப்பர்க் குழாய் வால்வைக் கழற்றி அந்த வழியாக ஊற்றலாம். ஊற்றியதும் வால்வின் குழாயைப் புதிதாக மாற்றுங்கள். பழையது ஒட்டிப் பிடிக்கும்.
- முள்வழியைத் தாண்டியதும் இறங்கி, ரயரைத் தடித்த துணியால் சுற்றித் துடையுங்கள். நெருஞ்சி முதல் சுற்றிலேயே ஆழமாக இறங்குவதில்லை. ஓட ஓடத்தான் உள்ளே போகும்.
- ரியூப்லெஸ்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், சில்லின் நடுவிலுள்ள பழைய ஹப் நல்ல நிலையில் இருக்குமானால், அதே எண்ணிக்கைத் துளையுள்ள ரியூப்லெஸ் ரிம்மை வாங்கிப் புதிதாகக் கம்பி கட்டலாம். கம்பி நீளம் புது ரிம்முக்கு ஏற்ப மாறும். ரிம்மைக் கையில் வைத்துக்கொண்டே கம்பி வாங்குங்கள்.

ரியூப்லெஸ் போட்டவர்களும் போடாதவர்களும் மன்னாரிலிருந்து தலைமன்னார் போகும்போது ஒரு ரியூப், நெம்பு, கைப்பம் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். பெரிய வெட்டை சீலன்ற் அடைக்காது. பேசாலையைத் தாண்டினால் திருத்தும் கடை கிடைப்பது அரிது. அந்த ரியூபின் வால்வு உங்கள் ரிம் துளைக்குள் போகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.